கீமோ கலக்கும் கைகளுக்கு யார் பொறுப்பு?

(செவிலியர் நாளையொட்டி நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செவிலியர் நாள் என்றால் பாராட்டுரைக்குக் குறைவிருக்காது. எனக்குப் பிறகு பேசுகிறவர்கள் அதைச் செய்வார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். புற்றுநோய் வார்டில் கீமோ மருந்தைக் கலந்து, நரம்பில் ஏற்றி, முடிந்ததும் கழற்றி, அந்த நோயாளி வாந்தியெடுத்தால் துடைத்து, அவருடைய பெட்பேனையும் எடுக்கிற செவிலியரின் உடம்புக்குள் என்ன போகிறது? அது போகாமல் தடுப்பது யாருடைய கடமை?

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் வாசிக்கப்பட்ட மத்திய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் நாட்டின் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையம் வரும், 2025-26-இல் மட்டும் 200 மையங்கள் திறக்கப்படும் என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ராமநாதபுரத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து சென்னைக்கு வந்து, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுக்கிற குடும்பங்களை நமக்குத் தெரியும். அவர்களுடைய சிகிச்சை ஊருக்குப் பக்கத்தில் வரட்டும். ஆனால் அந்த மருந்தும் கூடவே வருகிறது. இதுவரை பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற கைகள் தொட்ட மருந்தை, நேற்றுவரை பிரசவ வார்டிலோ அறுவைசிகிச்சை வார்டிலோ இருந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இனித் தொடப்போகிறார். கட்டிலும் நாற்காலியும் வாங்குவதற்கு முன்னால், அவருக்கு என்ன ஏற்பாடு என்று நாம் கேட்க வேண்டும்.

மருந்து என்றாலே நல்லது என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இந்த மருந்துகளின் பிறப்பு வேறு மாதிரியானது. 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரத்துக்கு அருகே ஜெர்மன் படை மஸ்டர்டு வாயுவை முதன்முதலாகப் போரில் பயன்படுத்தியது. தோல் கொப்புளித்தது, கண் அவிந்தது, மூச்சுக்குழாய் வெந்தது. அந்த வாயுவால் இறந்தவர்களின் உடலை ஆராய்ந்த மருத்துவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன, எலும்பு மஜ்ஜை வற்றியிருந்தது. அப்படியானால் வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்களுக்கு இதையே கொடுத்துப் பார்த்தால் என்ன? 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் ஆகியோர் மஸ்டர்டுக்கு நெருங்கிய ரசாயனமான நைட்ரஜன் மஸ்டர்டை, நிணநீர்ப் புற்று முற்றிய ஒருவருக்கு ஏற்றினார்கள். கட்டிகள் கரைந்தன. பிறகு திரும்பவும் வந்தன என்றாலும், கரைந்தது மருத்துவ உலகத்தைப் புரட்டிப்போட்டது. போர்க்கால ரகசியம் என்பதால் 1946 வரை அது அச்சில் வரவில்லை.

இடையில் 1943 டிசம்பர் 2-ஆம் தேதி, இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. அங்கே நின்ற ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் மஸ்டர்டு குண்டுகள் ரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. கடல்நீரில் எண்ணெயும் மஸ்டர்டும் கலந்து மிதந்தன. அதில் நீந்திக் கரையேறியவர்களை மருத்துவமனையில் அந்த ஈரத் துணியோடேயே கம்பளி போர்த்திப் படுக்கவைத்தார்கள். குளிப்பாட்டி உடை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் கப்பலில் என்ன இருந்தது என்று அந்த மருத்துவமனையில் யாருக்கும் சொல்லப்படவில்லை. மஸ்டர்டு பாதிப்போடு 628 பேர் சேர்க்கப்பட்டு, 83 பேர் இறந்தார்கள். ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் என்ற ராணுவ மருத்துவர் வந்து, யாரும் ஒப்புக்கொள்ளாத உண்மையைத் தோலையும் ரத்தத்தையும் பார்த்தே கண்டுபிடித்தார். கீமோதெரபி பாரியில் பிறந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல, யேல் ஓராண்டுக்கு மேல் முந்தியது. ஆனால் பாரி நமக்கு வேறொரு காரணத்துக்காக முக்கியம். இந்த ரசாயனம் ஈரத் துணியிலிருந்து தோல் வழியாக உள்ளே போகும் என்பதும், கையாளுகிறவருக்குச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும், கீமோ என்ற சொல் வார்டுகளுக்கு வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

அந்த நைட்ரஜன் மஸ்டர்டின் நேர் வாரிசுதான் சைக்ளோபாஸ்பமைடு. மார்பகப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் இன்றும் அன்றாடம் கலக்கப்படுகிற மருந்து. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதிசெய்த முதல் பிரிவில் அதை வைத்திருக்கிறது. மெல்ஃபலான், குளோராம்புசில், புசல்ஃபான் ஆகியவையும் அதே பிரிவில் இருக்கின்றன. நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று பயந்து சொல்லும் டாக்ஸோரூபிசினும், சிஸ்பிளாட்டினும் அடுத்த பிரிவில். புற்றைக் குணப்படுத்தும் மருந்து புற்றை உண்டாக்குமா என்று மாணவிகள் எப்போதும் கேட்பார்கள். உண்டாக்கும். செல் பிரியும்போது அதன் மரபுப்பொருளைத் தாக்குவதுதான் இவற்றில் பலவற்றின் வேலை. எது புற்றுச் செல், எது நல்ல செல் என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். இவ்வகை மருந்துகளால் பிழைத்த நோயாளிகளில் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து ரத்தப் புற்று வருவதும் நன்கு அறியப்பட்டதே. அந்த ஆபத்தை நோயாளி தெரிந்து ஏற்கிறார், அவருக்கு அதற்கு ஈடாக உயிர் கிடைக்கிறது. பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்கு ஈடாக எதுவும் கிடைப்பதில்லை.

எல்லா கீமோ மருந்தும் மஸ்டர்டு வழி வந்ததல்ல. நம் வாசலில் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் எடுக்கிறார்கள். நம் தென்மாவட்டங்களின் வானம் பார்த்த நிலங்களில் அதைப் பயிரிடுகிறவர்கள் இருக்கிறார்கள். செடியிலிருந்து வந்தது என்பதால் அது சாதுவாகிவிடாது. நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் வின்கிரிஸ்டின் சதையை அழுகவைக்கும் என்பது இங்கே இருக்கும் ஒவ்வொரு சிஸ்டருக்கும் தெரியும்.

இனி, நர்ஸ்களைப் பற்றிய உண்மை எப்படி வெளிவந்தது என்று சொல்கிறேன். 1979-இல் ஃபின்லாந்திலிருந்து கை ஃபால்க் என்பவரும் அவருடைய சகாக்களும் லான்செட் இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். கீமோ கையாளும் செவிலியரின் சிறுநீரை எடுத்தார்கள், அலுவலக ஊழியர்களின் சிறுநீரையும் எடுத்தார்கள். இரண்டையும் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கியிருந்த ஒரு சோதனைக்கு உட்படுத்தினார்கள். அந்தச் சோதனை எளிமையானது. தனக்கு வேண்டிய ஒரு சத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாத பாக்டீரியாவை, அந்தச் சத்து இல்லாத தட்டில் வைப்பார்கள். அது வளராது. மரபணுவில் மாற்றம் உண்டாக்கும் பொருள் ஏதாவது தட்டில் சேர்ந்தால், சில பாக்டீரியாக்கள் மாறி, வளரத் தொடங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணினால் போதும். செவிலியரின் சிறுநீர் சேர்ந்த தட்டில் புள்ளிகள் கூடுதலாக இருந்தன. அந்தச் செவிலியர் யாரும் கீமோ ஏற்றிக்கொண்டவர்கள் அல்ல. ஏற்றிவிட்டவர்கள்.

ஃபின்லாந்துக்காரர்கள் அதோடு நிற்கவில்லை. 17 மருத்துவமனைகளின் செவிலியருடைய கர்ப்பங்களை ஆராய்ந்தார்கள். 1985-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஷெரி செலவன் முதலியோர் எழுதிய கட்டுரை வந்தது. கரு கலைந்த செவிலியரையும் குழந்தை பெற்ற செவிலியரையும் ஒப்பிட்டபோது, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்துகளைக் கையாண்டவர்களிடம் கருச்சிதைவுக்கான வாய்ப்பு 2.3 மடங்காக இருந்தது. அமெரிக்கச் செவிலியரின் உடல்நலத்தைப் பல்லாண்டுகளாகப் பின்தொடரும் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து சுமார் 7,500 கர்ப்பங்களை எடுத்து ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். அதிலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டு நாடுகள், இரண்டு தலைமுறைச் செவிலியர், ஒரே திசையைக் காட்டும் முடிவு.

புற்றுநோயைப் பொறுத்தவரை நான் உங்களைத் தேவைக்கு மேல் பயமுறுத்த மாட்டேன். 1992-இல் டென்மார்க்கில் கீமோ கையாண்ட செவிலியரைப் பதிவேடுகளின் வழியே பின்தொடர்ந்தார்கள். ரத்தப் புற்று எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது, ஆனால் அந்தக் கணக்கு இரண்டே இரண்டு பேரை வைத்துப் போடப்பட்டது. இரண்டு பேரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களுக்கும் தெரியும். 2010-இல் மெலிசா மெக்டயர்மிட் குழுவினர் அமெரிக்காவில் கீமோ கையாளும் ஊழியர்களின் ரத்த அணுக்களில் 5, 7 ஆகிய குரோமோசோம்களைப் பார்த்தார்கள். கீமோவுக்குப் பின் ரத்தப் புற்று வரும் நோயாளிகளிடம் பழுதாகிற அதே குரோமோசோம்கள். அதிகம் கையாண்டவர்களிடம் பழுதும் அதிகம் தெரிந்தது. குரோமோசோம் பழுது என்றால் புற்று என்று பொருளல்ல. ஆனால் மருந்து அந்த இடம்வரை போய்ச் சேர்கிறது என்று பொருள்.

நிர்வாகிகள் இந்த இடத்தில் ஒரு வாதம் வைப்பார்கள். நோயாளிக்குப் போவதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நர்ஸுக்குப் போவதில்லையே என்பார்கள். அளவு மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் நோயாளிக்கு ஆறோ எட்டோ சுற்று, அதோடு முடிந்தது. நர்ஸுக்கு அது ஓய்வு பெறும்வரை. நோயாளிக்கு இரண்டு மூன்று மருந்து. நர்ஸுக்கு அந்த வார்டில் இருக்கும் எல்லா மருந்தும். இவ்வளவுவரை பட்டால் ஆபத்தில்லை என்று இந்த மருந்துகளுக்கு அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பும்கூட ஒரு வரம்பு வகுத்துச் சொல்லவில்லை. வரம்பு தெரியாத நஞ்சை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதுதான் நியாயம்.

எப்படி உள்ளே போகிறது? ஊசி குத்தினால் போகும் என்பது யாருக்கும் தெரியும். பெரும்பகுதி அப்படிப் போவதில்லை, தோல் வழியாகப் போகிறது. குப்பியில் ஊசியைச் செருகி அழுத்தம் கூடினால், வெளியே எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் தெறிக்கும். ஆம்பியூலை உடைக்கும்போது தெறிக்கும். சிரிஞ்சிலிருந்து காற்றை வெளியேற்றும்போது தெறிக்கும். சலைன் பையைக் குத்தும்போதும் கழற்றும்போதும் சொட்டும். சில மருந்துகள் சாதாரண வெப்பத்திலேயே கொஞ்சம் ஆவியாகவும் செய்யும். நெதர்லாந்தில் தொடங்கிப் பல நாடுகளில் வார்டு மேசை, கதவுக் கைப்பிடி, டிரிப் ஸ்டாண்டு, தரை, கழிப்பறை என்று துடைத்தெடுத்துச் சோதித்தார்கள். மருந்து இருந்தது. கலப்பதில் சம்பந்தமே இல்லாத ஊழியர்களின் சிறுநீரிலும் இருந்தது. இன்னொன்று, ஃபேக்டரியிலிருந்து வரும் புதுக் குப்பியின் வெளிப்பக்கத்திலேயே மருந்து ஒட்டியிருக்கும். பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்குகிற ஸ்டோர் ஊழியருக்கும் கையுறை வேண்டும்.

மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்தால் அடுத்த நொடியே தெரிந்துவிடும். அடுத்தமுறை கை கழுவாமல் யாரும் கண்ணைத் தொடமாட்டார்கள். கீமோ பட்ட கை எரியாது, நாறாது, நிறம் மாறாது. உடம்பு எச்சரிக்காத ஆபத்தை அனுபவத்தால் கற்றுக்கொள்ள முடியாது. "இருபது வருஷமா கலக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. தலைவலி, குமட்டல், தொண்டைக் கரகரப்பு, தோல் அரிப்பு, முடி உதிர்தல், மாதவிடாய் தவறுதல் என்று வந்தவற்றுக்கெல்லாம் நைட் டியூட்டியையும் சாப்பாட்டையும் வயசையும் காரணமாக நினைத்திருப்பார்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் டியூட்டி ரூமில், சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்க, கேஸ் ஷீட் எழுதுகிற மேசையிலேயே கீமோ கலந்தோம். எங்கள் டிபன் பாக்ஸும் அங்கேதான் இருக்கும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாதுகாப்பு "பார்த்துக் கலக்கும்மா" என்பதுதான். அந்த வாக்கியம் இன்றும் பல வார்டுகளில் உயிரோடு இருக்கிறது. என்னுடைய வாதமே இதுதான்: பார்த்துக் கலக்குவது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பார்த்துக் கலக்குவது?

கலக்கிற இடம் மாற வேண்டும். வார்டிலிருந்து அதை முழுவதுமாக எடுத்து, பயோசேஃப்டி கேபினெட் இருக்கிற தனி அறைக்கு, பயிற்சி பெற்ற மருந்தாளுநரிடம் கொண்டுபோக வேண்டும். காற்று மேலிருந்து கீழாக இறங்கி, கலப்பவர் பக்கம் வராமல், வடிகட்டிக்குள் இழுக்கப்பட்டு வெளியேறும் பெட்டி அது. கேபினெட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பார்ப்பதற்கு இதுபோலவே இருக்கும் இன்னொரு மேடை உண்டு, அதில் சுத்தமான காற்று உள்ளிருந்து கலப்பவரின் முகத்தை நோக்கி வரும். மருந்தில் கிருமி சேராமல் அது காக்கும், கலப்பவரைக் காக்காது. நேர்மாறாக, தெறித்ததையெல்லாம் அவர் முகத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1980-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, அப்படிப்பட்ட மேடையில் கலந்த மருந்தாளுநர்களின் சிறுநீரில் ஏம்ஸ் சோதனை மாற்றத்தைக் காட்டியது. காற்று மேலிருந்து கீழே வரும் கேபினெட்டுக்கு மாறியதும் அது மறைந்தது. ஒரு பெட்டியை மாற்றியதில் மனிதர்களின் உடம்பு சுத்தமானது. கலப்பவர்கள் அதே ஆட்கள், அதே கவனம்தான். இதைவிடத் தெளிவான சான்று எனக்கு வேண்டியதில்லை.

கேபினெட்டுக்கு அடுத்தது, குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் டிரிப் செட்டுக்கும் இடையே மருந்து வெளியே வராதபடி பூட்டிக்கொள்ளும் மூடிய இணைப்புக் கருவி. விலை அதிகம்தான். எல்லா நோயாளிக்கும் வாங்க இப்போது முடியாது என்றால் அதற்காகக் கேபினெட்டையும் தள்ளிப்போட வேண்டாம். கையுறையும் கவுனும் இவற்றுக்கெல்லாம் கடைசியில் வருபவை. நம் ஊரில் பாதுகாப்பு என்றால் அவற்றிலிருந்துதான் தொடங்குகிறோம், பெரும்பாலும் அங்கேயே முடித்தும்விடுகிறோம்.

ஆனாலும் அந்தக் கடைசியைச் சரியாகச் செய்வோம். கீமோவுக்கென்று சோதிக்கப்பட்ட கையுறை இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. அரைமணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கிழிந்தாலோ மருந்து பட்டாலோ உடனே. கவுன் முழுக்கை, முதுகுப்பக்கம் கட்டுவது, திரவம் ஊடுருவாத பூச்சுள்ளது. பச்சைத் துணி கவுன் மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும், பாரியில் நடந்தது அதுதான். சர்ஜிக்கல் மாஸ்க் இதற்கு உதவாது. டிரிப் செட்டில் முதலில் வெறும் சலைனை ஓடவிட்டுக் காற்றை நீக்கிவிட்டுப் பிறகு மருந்தை இணையுங்கள். மருந்தையே ஓடவிட்டுக் கழிவுத்தட்டில் சொட்டவைக்கும் பழக்கம் போக வேண்டும். பை காலியானதும் அதிலிருந்து செட்டைப் பிடுங்காதீர்கள், சேர்த்தே அகற்றுங்கள். மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நோயாளிக்கு விழுங்க முடியவில்லை என்று படுக்கை அருகே பொடியாக்காதீர்கள். மருந்துக் கூடத்தில் கேளுங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு வந்த ஒரு பழக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எதைத் தொட்டாலும் சானிடைசர் பூசிக்கொள்கிறோம். ஆல்கஹால் கிருமியைக் கொல்லும். கீமோ மருந்தை ஒன்றும் செய்யாது, கையிலும் மேசையிலும் அதைப் பரப்பிவிடும். கையுறையைக் கழற்றியதும் சோப்பும் தண்ணீரும்தான். குழாய் இல்லாத இடத்தில் கீமோ அறை அமைக்கக் கூடாது.

மருந்தைத் தெரிந்து தொடுகிற நமக்குச் சொல்லத்தான் இவ்வளவும். தெரியாமல் தொடுகிறவர்கள் நமக்குக் கீழே இருக்கிறார்கள். கீமோ ஏற்றியபின் குறைந்தது 48 மணி நேரத்துக்கு, சில மருந்துகளுக்கு இன்னும் பல நாள்களுக்கு, நோயாளியின் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் வியர்வையிலும் மருந்து வெளிவரும். அந்த பெட்பேனை எடுப்பவர் ஆயாம்மா. கழிப்பறையைக் கழுவுபவர் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. துணி வெளுப்பவர் சலவைப் பிரிவில் இருக்கிறார். வீட்டுக்குப் போனபின் நைட்டியையும் போர்வையையும் துவைப்பவர் நோயாளியின் மகள், அவர் கர்ப்பமாகவும் இருக்கலாம். இவர்களில் யாருக்கு நாம் சொல்லியிருக்கிறோம்? டிஸ்சார்ஜ் சமயத்தில் மாத்திரை வேளையைச் சொல்கிறோம், சாப்பாட்டைச் சொல்கிறோம். "ரெண்டு நாளைக்குக் கக்கூஸ்ல மூடியைப் போட்டு ரெண்டு தடவை தண்ணி விடுங்கம்மா, துணியைத் தனியா அலசுங்க, கையில உறை போட்டுக்கோங்க" என்று ஒரு நிமிடம் சொல்லலாமே. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ரப்பர் கையுறை கொடுப்பது யார் பொறுப்பு என்று ஒப்பந்ததாரரும் நிர்வாகமும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கீமோ மருந்துக் கழிவைத் தனி அடையாளமிட்டு, 1,200 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டும் என்கின்றன. மிச்ச மருந்துக்கு விதி இருக்கிறது. அதைக் கலந்தவரின் உடம்புக்கு அதே அளவு தெளிவான, அதற்கென்றே ஒரு விதி நம் நாட்டில் இல்லை. மற்ற நாடுகளிலும் இது தானாக வந்துவிடவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கீமோ கலந்த மருந்தாளுநர் சூ கிரம்ப் கணையப் புற்றால் 2009-இல் இறந்தார். தன் வேலைதான் காரணம் என்று அவர் நம்பினார். அதை அறிவியல்படி நிரூபிக்க வழியில்லை. ஆனால் 2010-இல் பத்திரிகையாளர்கள் அவரைப் பற்றியும் அவரைப் போன்றவர்களைப் பற்றியும் எழுதினார்கள். 2011-இல் வாஷிங்டன் மாநிலம் ஆபத்தான மருந்துகளைக் கையாளும் ஊழியர்களுக்காகச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல்தான் இந்த மருந்துகளைத் தொழிலாளர் பாதுகாப்பு ஆணையில் சேர்த்தது. சட்டம் இருந்தாலும் பழக்கம் தானாக மாறாது. அமெரிக்காவில் கீமோ ஏற்றும் ஊழியர்களிடையே தேசிய தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில், 42 சதவீதம் பேர் உரிய கவுனை எப்போதும் அணிவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். 12 சதவீதம் பேர் மருந்து பட்டிருக்கக்கூடிய உடையோடு வீட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள். வசதி நிறைந்த இடத்திலேயே இப்படி.

நம் சட்டத்தில் ஒரு ஓட்டையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில், கருவின் வளர்ச்சிக்கு இடையூறாகவோ கருச்சிதைவுக்குக் காரணமாகவோ இருக்கக்கூடிய வேலையை, கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், அவருக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. படித்தால் நமக்காகவே எழுதியதுபோல் இருக்கும். ஆனால் எந்தக் காலத்துக்கு? பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கு முன்னால் வரும் ஒரு மாதத்துக்கும், அதையொட்டி விடுப்பு எடுக்காத நாள்களுக்கும். அதாவது ஏழாம் மாதத்துக்குப் பிறகு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்தப் பிரிவு ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. நின்று வேலை செய்வதையும் பாரம் தூக்குவதையும் மனத்தில் வைத்து எழுதிய காலவரையறை அது. கீமோவின் ஆபத்து முதல் மூன்று மாதங்களில் இருக்கிறது. அதிலும் முதல் சில வாரங்களில், தான் கர்ப்பம் என்று அவளுக்கே தெரியாத நாள்களில். சட்டம் வந்து சேரும்போது ஆபத்துக் காலம் முடிந்திருக்கும்.

அதனால்தான் கர்ப்பிணிகளை வார்டு மாற்றினால் போதும் என்று சொல்பவர்களிடம் நான் ஒத்துப்போவதில்லை. மாற்ற வேண்டும், கட்டாயம் மாற்ற வேண்டும். ஆனால் தெரிந்து மாற்றுவதற்கு முன்பான வாரங்களில் அவளைக் காப்பது கேபினெட் மட்டும்தான். கல்யாணமான மறுமாதமே போய் இன்சார்ஜிடம் "சிஸ்டர், நாங்க குழந்தைக்கு முயற்சி பண்றோம், என்னை இந்த வார்டிலிருந்து மாத்துங்க" என்று கேட்க நம் பெண்களுக்கு எவ்வளவு கூச்சம் இருக்கும் என்று இங்கே இருக்கும் ஆண் அதிகாரிகள் யோசித்துப் பார்க்க வேண்டும். கரு கலைந்தபின் அதை விடுப்பு விண்ணப்பத்தில் 'வயிற்றுவலி' என்று எழுதிக்கொடுத்துவிட்டு மறுவாரம் வந்து அதே மேசையில் நிற்பவளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். விண்ணப்பத்தில் அப்படி எழுதியிருப்பதால்தான் நம்மிடம் கணக்கு இல்லை. ஃபின்லாந்தில் கணக்கு இருந்தது, ஏனென்றால் அங்கே எழுதி வைத்தார்கள். ஆண் செவிலியருக்கும் இதில் பங்கு உண்டு. விந்தணுவை உருவாக்கும் செல்களும் வேகமாகப் பெருகுபவைதான்.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள்: உங்கள் மாவட்டத்தில் பகல்நேர மையம் திறக்கும் நாளில், ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால், கீமோ கலக்கும் அறையைத் திறந்து பாருங்கள். மேலிருந்து கீழே காற்று வரும் கேபினெட் இருக்கிறதா, அதை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க ஒப்பந்தம் இருக்கிறதா, கீமோ கையுறை மூன்று மாதத்துக்கு இருப்பில் இருக்கிறதா, சிந்தினால் துடைக்கும் பெட்டி சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திறப்பு விழாவை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அந்தத் துறையில் வேலைசெய்யும் எல்லாருக்கும், ஆயாம்மா உட்பட, யார் எந்த மருந்தை எத்தனை நாள் கையாண்டார்கள் என்று ஒரு பதிவேடு தொடங்குங்கள். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், ஆனால் அதைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

சங்கத்தில் இருப்பவர்களுக்கு: சம்பளக் கமிஷனுக்குக் கொடுக்கும் மனுவில் இதையும் ஒரு பக்கம் சேருங்கள். 'ரிஸ்க் அலவன்ஸ்' கேட்டு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். மாதம் சில நூறு ரூபாய்க்குக் கருவை விலைபேச முடியாது. கேபினெட்டைக் கேளுங்கள். மகப்பேறு பிரிவின் காலவரையறையை, இந்த வேலைக்காவது, கருத்தரித்த நாளிலிருந்து தொடங்கும்படி திருத்தக் கேளுங்கள்.

மாணவிகளுக்கு: முதல்நாள் கீமோ வார்டுக்கு அனுப்பும்போது, "எங்கே கலக்கிறீர்கள், எந்தக் கையுறை, சிந்தினால் என்ன செய்ய வேண்டும்" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இல்லையென்றால் கற்றுத்தரும்படி கேளுங்கள். அதைத் திமிர் என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இன்சார்ஜ் சிஸ்டர்களே, உங்கள் வார்டுப் பெண் வந்து கர்ப்பம் என்று சொல்கிற நாளில், ஆள் பற்றாக்குறை என்று சொல்லாமல், இரண்டு டியூட்டி முடியட்டும் என்று சொல்லாமல், அன்றைக்கே அவளைக் கீமோ அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள்.